வண்டி கம்பெனியினுடையது, மின்சாரம் யாருடையது?

சென்ற மூன்று மாதங்களில் நமது சங்கத்தைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், தத்தம் பிள்ளைகளுக்கு அவரவர் கம்பெனி அனுப்பிய கடிதத்தைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினர். வாசகம் சிறிது வேறுபட்டாலும் பொருள் ஒன்றுதான். இன்ன தேதி முதல், கம்பெனிக் காரியமாக வெளியே செல்லும் ஊழியர்கள் கம்பெனி தரும் மின்சாரக் காரையே ஓட்ட வேண்டும். கைவசம் உள்ள பெட்ரோல், டீசல் கார்களைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும். பெட்ரோல் அட்டை அன்றோடு செல்லாது. முதற் பாராவில் பூமியின் நலன் பேசப்படுகிறது. இரண்டாம் பாராவில் தேதி. அதன் கீழே கையொப்பம். அந்தக் காரை எங்கே, எவர் செலவில், எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுவது என்று சொல்லும் பாராவை நாம் தேடித் தேடிப் பார்த்தோம். நான்கு கடிதங்களில் ஒன்றில்தான் அது இருந்தது.

தலைநகரிலும் அதைச் சூழ்ந்த குருகிராம், நொய்டா, பரீதாபாத் ஆகிய ஊர்களிலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படிக் கம்பெனிக் காரில் ஊர் சுற்றும் உத்தியோகங்களில் இருக்கின்றனர். மருந்து விற்போர், இயந்திரங்களைப் பழுதுபார்ப்போர், கட்டட வேலைகளை மேற்பார்வையிடுவோர் என்று பலவகை. ஆகவே வழக்கமாகப் பிராவிடண்டு பண்டு, பள்ளி அனுமதி, ஊருக்குச் செல்லும் ரயில் முன்பதிவு ஆகியவற்றைப் பேசும் இப்பகுதியில், இம்மாதம் இந்தக் காரைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம்.

கம்பெனிகள் ஏன் இப்படி உத்தரவு இடுகின்றன என்பதை முதலில் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். தலைநகரின் குளிர்காலக் காற்றை நாம் எவருக்கும் வருணிக்க வேண்டியதில்லை. நவம்பரில் நம் குழந்தைகள் இருமுவதை நாமே கேட்கிறோம். மாசு ஒரு அளவைத் தாண்டினால், படிநிலைத் திட்டத்தின்படி பழைய தரத்துப் பெட்ரோல், டீசல் கார்கள் தெருவில் இறங்கக் கூடாது என்று தடை வந்துவிடுகிறது. மின்சாரக் காருக்கு அந்தத் தடை இல்லை. நாற்பது ஊழியர்களை நாற்பது திசைகளில் அனுப்பும் கம்பெனிக்கு இது பெரிய சௌகரியம். பெட்ரோலை விட மின்சாரம் மலிவு என்பதும் கணக்கு. இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கம்பெனிகள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. பங்குச் சந்தையில் பெரியனவாக உள்ள 1,000 கம்பெனிகள் தம் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்று செபி விதித்து, 2022-23ஆம் ஆண்டு முதல் அதைக் கட்டாயமாக்கியது. கம்பெனியின் சொந்தக் கார் குடிக்கும் பெட்ரோல் அந்த அறிக்கையில் கம்பெனியின் சொந்தப் புகையாக ஏறும். காரை மின்சாரத்துக்கு மாற்றினால் அந்தப் பத்தி குறைந்து அடுத்த பத்தியில் வேறு ஓர் எண்ணாக வரும். ஒரு பத்தியிலிருந்து மற்றொரு பத்திக்குத் தொகையை மாற்றுவதன் இன்பத்தைக் குமாஸ்தாக்களாகிய நாம் அறியாதவரல்லோம்.

புகை முற்றும் மறைந்துவிடுகிறதா என்றால், இல்லை. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. டில்லியின் ராஜ்காட் அனல் மின் நிலையம் 2015லும், பதர்ப்பூர் நிலையம் 2018 அக்டோபரிலும் மூடப்பட்டன. ஆயினும் சிங்க்ரௌலிப் பக்கத்துப் புகைபோக்கிகள் புகைந்துகொண்டுதான் இருக்கின்றன. இருந்தாலும் பள்ளிக்கூட வாசலில், குழந்தையின் மூக்குயரத்தில் வெளிவரும் புகை நின்றுவிடுகிறது என்பது சிறிய நன்மையன்று. மின்சாரக் காரை நாம் எதிர்க்கவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம். கேள்வி அந்தக் காணாமற்போன பாராவைப் பற்றியதுதான்.

அந்தப் பாரா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எல்.இ.டி. பல்புகளை மலிவு விலையில் நாடெங்கும் பரப்பிய இ.இ.எஸ்.எல். என்னும் அரசுத் துறை நிறுவனம், 2017ஆம் ஆண்டு 10,000 மின்சாரக் கார்களை வாங்க டெண்டர் விட்டது. மத்திய அரசின் இலாகாக்களில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு மாற்றாக அவற்றைக் குத்தகைக்கு விடுவது நோக்கம். டாடாவின் டிகோரும் மஹிந்திராவின் இ-வெரிட்டோவும் தேர்வாயின; டாடா கேட்ட விலை வரி உட்பட ஒரு காருக்கு 11.2 லட்ச ரூபாய். கார்கள் வந்து இறங்கின. அடுத்த ஆண்டே, அதாவது 2018ல், உயர் அதிகாரிகள் பலர் அவற்றில் ஏற மறுக்கின்றனர் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று சான்று பெற்ற கார், நகர நெரிசலில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 80, 82 கிலோமீட்டர் கூட ஓடவில்லை என்பது புகார். அப்போது சார்ஜ் ஏற்றும் நிலையங்களும் நகரில் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

அந்தக் காலத்தில் ரெய்சினா சாலைப் பக்கம் மதிய வேளைகளில் நாம் கண்டதுண்டு. ஜூன் மாத வெயிலில், ஓட்டுநர்கள் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, மரத்தடியில் அமர்ந்திருப்பார்கள். துரையை வீடு சேர்ப்பதற்கு முன் பாட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஏற மறுக்கும் சுதந்திரம் அதிகாரிக்கு இருந்தது. அவருக்கு வேறு வண்டி வந்தது. ஓட்டுநருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இன்று மருந்துப் பெட்டியோடு மீரட்டுக்கும் ரோத்தக்குக்கும் புறப்படும் நம் வீட்டுப் பையன் அந்த ஓட்டுநரின் இடத்தில்தான் இருக்கிறான். (அதன் பின்னர் வந்த கார்களில் பாட்டரி பெரிதாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2020ல் வந்த நெக்ஸான் மின்சாரக் காரில் 30.2 யூனிட் கொள்ளும் பாட்டரி. சான்றிதழில் 312 கிலோமீட்டர். ஓட்டுவோர் சொல்லும் கணக்கு அதைவிட வெகுவாகக் குறைவு. 2021 பிப்ரவரியில் டில்லி அரசும் தன் இலாகாக்களின் வண்டிகளை ஆறு மாதத்துக்குள் மின்சாரத்துக்கு மாற்ற உத்தரவிட்டது.)

இனி நாம் நன்கறிந்த இடத்துக்கு வருவோம். நீராவியிலிருந்தும் டீசலிலிருந்தும் மின்சாரத்துக்கு மாறும்படி தன் ஊழியருக்கு உத்தரவிட்ட முதலாளிகளில், நம் நாட்டில் ரயில்வேயை விடப் பெரியவர் எவரும் இல்லை. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது. 1931ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு. 1957ல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் என்று முடிவெடுத்து, அன்று முதல் இன்று வரை கம்பம் நட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். டில்லியில் ஏறிச் சென்னையில் இறங்கும் நம் குடும்பங்கள் இன்று முழுவழியும் கம்பிக்குக் கீழேயே பிரயாணம் செய்கின்றன.

இந்த நூறு ஆண்டுகளில், ஒரு ஓட்டுநரைப் பார்த்து, “என்ஜினை உன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் உன் சுவரிலுள்ள பிளக்கில் மாட்டி வை, காலையில் எடுத்து வா” என்று எவரும் சொன்னதில்லை. கேட்கவே சிரிப்பு வருகிறது அல்லவா? கம்பம் நட்டது ரயில்வே. கம்பி இழுத்தது ரயில்வே. துணை மின் நிலையம் கட்டியதும், மின்சார பில் கட்டுவதும் ரயில்வே. கரி அள்ளிப் போட்டுப் பழகிய கைகளுக்குப் புது என்ஜினைக் கற்றுத்தரப் பயிற்சிப் பள்ளி வைத்ததும், அந்தப் பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் ரயில்வேதான். ஓட்டுநர்களின் படிப் பில்களைத் தயாரிக்கும் பிரிவில் நாம் பணிபுரிகிறோம் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம். ஓட்டுநர் பதிவேட்டில் கையெழுத்திட்டு வேலை ஏற்ற நிமிடத்திலிருந்து கையெழுத்திட்டு இறங்கும் நிமிடம் வரை அவருடைய பணி நேரம். வண்டி ஓடாத சில பணிகளையும் கிலோமீட்டராக மாற்றிப் படி கணக்கிடும் முறை உண்டு. சிக்னலில் நின்றால் அது ஓட்டுநரின் சொந்த நேரம் என்று எந்தக் குமாஸ்தாவும் வெட்டிவிட முடியாது. ரயில்வேயில் குறை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. குறைகளை எழுதத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்கள் போதா. ஆனால் மின்சாரத்துக்கு மாறும் செலவு முதலாளியினுடையது என்பதில் அங்கே எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

காரில் மட்டும் அந்த ஐயம் எப்படி நுழைந்தது? ரயில் என்ஜின் ஷெட்டில் தூங்குகிறது. கம்பெனிக் கார் ஊழியரின் வீட்டு வாசலில் தூங்குகிறது. பெட்ரோல் காலத்தில் இதனால் தொல்லை இல்லை. வழியில் பங்கில் நிறுத்தி, கம்பெனி அட்டையை நீட்டி, ஐந்து நிமிடத்தில் புறப்பட்டுவிடலாம். மின்சாரக் காருக்கு உணவு கொடுக்க வேண்டியது அது தூங்கும்போது. ஆகவே பங்கின் வேலை ஊழியரின் வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட்தான் ஏறும். 30 யூனிட் பாட்டரி காலியாக இருந்தால் இரவு முழுதும் போதாமல் விடிந்தும் சிறிது நேரம் வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் இந்தத் தொல்லையை நமக்கு முன்பே கண்டுவிட்டார்கள். அங்கே கம்பெனிக் கார் சம்பளத்தின் ஒரு பகுதிபோல. அதனால் அரசுகள் வரியின் வழியாகவே கம்பெனிகளை மின்சாரத்துக்குத் திருப்புகின்றன. பெல்ஜியத்தில் 2021ல் செய்த சட்டத்தின்படி, 2026 முதல் புதிதாக வாங்கும் கம்பெனிக் கார் புகையற்றதாக இருந்தால்தான் அதன் செலவை வரிக் கணக்கில் கழிக்கலாம். கம்பெனிகள் உடனே உத்தரவு போடுகின்றன. அதற்கு முன்பே, பெட்ரோலிலும் ஓடும், பிளக்கில் மாட்டினால் மின்சாரத்திலும் ஓடும் இரட்டைக் கார்களை வரிச் சலுகைக்காக ஏராளமாக வாங்கிக் கொடுத்தார்கள். நடந்தது என்ன? கம்பெனி திருப்பிப் பெற்ற கார்கள் சிலவற்றில், சார்ஜ் ஏற்றும் கேபிள் உறை பிரிக்கப்படாமலே பின்பெட்டியில் கிடந்தது என்று 2018ல் பிரிட்டனில் செய்தி வந்தது. 2022ல் ஐ.சி.சி.டி. என்னும் ஆராய்ச்சி நிறுவனமும் ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் நிறுவனமும் ஐரோப்பாவில் அத்தகைய கார்களின் உண்மையான ஓட்டத்தை ஆராய்ந்தன. சொந்தமாக வாங்கியவர்கள் தம் தூரத்தில் 45 முதல் 49 சதவிகிதம் மின்சாரத்தில் ஓட்டியிருந்தார்கள். கம்பெனிக் கார் ஓட்டியவர்கள்? 11 முதல் 15 சதவிகிதம்.

இதைப் படித்ததும் ஊழியர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லத் தோன்றும். நாம் அப்படி நினைக்கவில்லை. பெட்ரோலுக்குக் கம்பெனி அட்டை இருந்தது. வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்குப் பல இடங்களில் யாரும் காசு கொடுக்கவில்லை. சொந்தப் பணத்தில் கம்பெனிக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்க எந்தக் குடும்பஸ்தன் முன்வருவான்? கேபிள் உறையிலேயே கிடந்ததில் நமக்கு வியப்பில்லை. பூமியின் நலனைப் பற்றிய முதற் பாரா எவ்வளவு அழகாக இருந்தாலும், காசைப் பற்றிய பாரா விடுபட்டால் அந்த நலனே வந்து சேராது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

பிறகுதான் அரசுகள் அந்தப் பாராவை எழுதத் தொடங்கின. ஜெர்மனியில் 2021 முதல் 2025 வரை, ஊழியர் வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்காகக் கம்பெனி மாதம் 70 யூரோவும், அலுவலகத்திலும் ஏற்ற வசதி இருந்தால் 30 யூரோவும் வரியின்றிக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. பிரிட்டனில் 2018ல் மைலுக்கு 4 பென்ஸ் என்று ஆலோசனை வீதம் ஒன்றை வருவாய்த் துறை ஏற்படுத்தியது. வீட்டில் ஏற்றுவது ஒரு விலை, சாலையோர நிலையத்தில் ஏற்றுவது வேறு விலை என்பதை அந்த ஒற்றை வீதம் கண்டுகொள்ளவில்லை. வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லாதவர்கள்தான் சாலையோர நிலையத்தை நம்பியிருப்பவர்கள். அதாவது வசதி குறைந்தவனுக்கே நஷ்டம். 1-9-2025 முதல் இரண்டாகப் பிரித்து, வீட்டில் ஏற்றினால் மைலுக்கு 8 பென்ஸ், வெளியில் ஏற்றினால் 14 பென்ஸ் என்று வைத்தார்கள். இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள ஏழு ஆண்டுகள் ஆயின.

நம் ஊருக்குத் திரும்புவோம். கம்பெனியே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் போதுமா என்றால், அதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 2019ல் குருகிராமில் தொடங்கிய புளூஸ்மார்ட் என்னும் வாடகைக் கார் கம்பெனியில் எல்லாக் கார்களும் மின்சாரக் கார்களே. ஓட்டுநர் காரும் வாங்க வேண்டாம், சார்ஜுக்கும் அலைய வேண்டாம். கம்பெனியின் கொட்டகைக்கு வந்து, ஏற்றி வைத்த காரை எடுத்துக்கொண்டு போகலாம். நாம் மேலே சொன்ன ரயில்வே முறைக்கு இது ஏறத்தாழ ஒத்ததே. ஓட்டுநர்களில் பலர் கியாஸ் பங்கின் வரிசையில் நிற்கும் தொல்லை ஒழிந்தது என்று மகிழ்ந்தனர். ஆனால் கார்களைக் குத்தகைக்குக் கொடுத்த ஜென்சோல் கம்பெனி, 6,400 மின்சாரக் கார்கள் வாங்க அரசு நிதி நிறுவனங்களிடம் கடன் பெற்று 4,704 கார்களையே வாங்கியது என்றும், பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டது என்றும் 15-4-2025 அன்று செபி தன் இடைக்கால உத்தரவில் கூறியது. அந்த வாரமே புளூஸ்மார்ட் முன்பதிவை நிறுத்திற்று. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களுக்கு மறுநாள் காரும் இல்லை, வேலையும் இல்லை. சொந்தக் கார் வைத்திருந்தவன் என்றால் மறுநாளே வேறு கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். மின்சாரத்தின் மேல் குற்றம் இல்லை. ஆயினும் பிழைப்பின் கருவி முழுவதும் பிறர் கையில் இருப்பதன் அபாயத்தை நம்மவர் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது, நம்மிடம் வந்த நான்கு கடிதங்களில் ஒன்றைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்கிறோம். மத்திய செக்ரடேரியட்டில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவருடைய மகள் மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் என்ஜினீயர். சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிஸிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவள் பணி. மீரட், ரோத்தக், பானிப்பட், கர்னால் என்று மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாள். மாதத்தில் இத்தனை இயந்திரங்களைப் பார்த்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று ஏற்பாடு. மின்சாரக் கார் வந்த பிறகு இரண்டு மாதங்களாக அவளுக்கு ஊக்கத்தொகை இல்லை. கர்னாலுக்குப் போய் வரச் சுமார் 250 கிலோமீட்டர். வழியில் ஒருமுறை ஏற்றாமல் முடியாது. இறங்கி, வரிசையில் நின்று, ஏற்றிப் புறப்பட ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணி கம்பெனியின் கணக்கில் எங்கும் இல்லை. ஒரு இயந்திரத்துக்குக் குறையும் நேரம் அது. அந்த இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் நோயாளி இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“தம்பி, இதற்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும். அவள் எழுதினால் சண்டை போடுவதுபோல் இருக்கிறது; நான் எழுதினால் கெஞ்சுவதுபோல் இருக்கிறது” என்றார் பெரியவர்.

மனு எழுதுவது நம் தொழில். ஆனால் மனுவுக்கு முன் கணக்கு. அவர்கள் வீட்டு மின்சார பில்லை வாங்கிப் பார்த்தோம். வெயில் காலம் தவிர்த்த மாதங்களில் 190 யூனிட் வரை. டில்லியில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய சலுகைப்படி மாதம் 200 யூனிட் வரை பில் இல்லை. 201 முதல் 400 வரை பாதிச் சலுகை, அதுவும் 800 ரூபாய்க்கு மேற்படாமல். 400ஐத் தாண்டினால் சலுகை அறவே இல்லை. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 2,000 கிலோமீட்டருக்கு 285 யூனிட். காரை வீட்டு மீட்டரிலேயே ஏற்றினால் மொத்தம் 475. முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய் வீதம் 600. அடுத்த 200க்கு 4.50 வீதம் 900. மிச்சம் 75க்கு 6.50 வீதம் 487.50. ஆக 1,987 ரூபாய் 50 காசு. நிலைக்கட்டணமும் மேல்வரிகளும் தனி. சென்ற ஆண்டு வரை ஒன்றுமே கட்டாத வீடு இது. கம்பெனி கொடுக்க முன்வந்ததோ, காருக்கு ஆன மின்சாரத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சலுகை பறிபோன நஷ்டம் அதில் எங்கே வரும்?

இதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. மின்சார வண்டிக்கென்று தனி இணைப்பு, தனி மீட்டர் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒழுங்குமுறை ஆணையம் 2021ல் வெளியிட்ட வீதப்படி அதற்கு யூனிட்டுக்கு 4.50 ரூபாய், எத்தனை யூனிட் ஆனாலும் ஒரே வீதம். 285 யூனிட்டுக்கு 1,282 ரூபாய் 50 காசு. வீட்டு மீட்டர் 190லேயே நிற்கும், சலுகையும் நிற்கும். தவிர, கார் தின்ற மின்சாரம் எவ்வளவு என்பதில் கம்பெனிக்கும் ஊழியருக்கும் வாக்குவாதம் எழாது, மீட்டரே சாட்சி. அவர்கள் குடியிருப்பது நான்கு மாடி வீடு; கீழே தூண்களுக்கிடையே நான்கு கார்கள் நிற்கும். மேல்மாடிக்காரர், கம்பி இழுத்தால் தீப்பிடிக்கும் என்று தடுத்தார். சண்டை போட வேண்டாம் என்று சொன்னோம். மின்வினியோகக் கம்பெனியின் ஆள் வந்து, தனிக் கம்பி, தனிச் சுவிட்சு, மண்ணிணைப்பு எல்லாவற்றையும் அவருக்கே காட்டிய பிறகு அவர் இணங்கினார். இப்போது தமக்கும் ஒன்று வேண்டும் என்று விசாரிக்கிறாராம். தெருவில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் சாலையோர நிலையத்தையே நம்ப வேண்டும், அங்கே யூனிட் விலை இரண்டு மூன்று மடங்கு. அத்தகைய ஊழியருக்குக் கம்பெனி அந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

மனுவில் மூன்று கோரிக்கைகள் வைத்தோம். தனி மீட்டரும் சாக்கெட்டும் அமைக்கும் செலவு கம்பெனியுடையது. அந்த மீட்டரின் மாத பில்லும், வழியில் ஏற்றும் ரசீதுகளும் முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும். வெளியூர் செல்லும் நாட்களில் சார்ஜ் ஏற்றும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட்டு, ஊக்கத்தொகைக்கான இயந்திர எண்ணிக்கை அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். மூன்றாவதை எழுதும்போது நம் அலுவலகத்து ஓட்டுநர்களின் கையெழுத்துப் பதிவேடே நம் கண்முன் இருந்தது. கோபம் வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், பூமியின் நலனைக் குறித்துக் கம்பெனி எழுதியதை நாமும் முழு மனத்தோடு ஏற்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி பொய்யன்று.

“அண்ணா, மூன்றாவதை எடுத்துவிடலாமா? மற்ற இரண்டும் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது” என்று அந்தப் பெண் கேட்டாள். எடுக்க வேண்டாம் என்றோம். இரண்டு மாத ஊக்கத்தொகையைத் தின்றது மின்சார பில்லன்று, அந்த ஒன்றரை மணிதான். அதை விட்டுவிட்டு மற்றதைக் கேட்பது, வயிற்று வலிக்குத் தலையில் பற்றுப் போடுவதாகும்.

பதினெட்டு நாட்களில் பதில் வந்தது. முதற் கோரிக்கையும் இரண்டாவதும் ஏற்கப்பட்டன. அவளுக்கு மட்டுமன்றி அந்தக் கிளையில் மின்சாரக் கார் ஓட்டும் அனைவருக்கும் என்று உத்தரவு. மூன்றாவது ‘பரிசீலனையில் உள்ளது’ என்றிருந்தது. அந்தச் சொற்களின் ஆயுட்காலம் குமாஸ்தாக்களுக்கு நன்கு தெரியும். ஆகவே அவளை ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னோம். வெளியூர் போகும் ஒவ்வொரு நாளும், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வரிசையில் நின்றாள், எத்தனை மணிக்கு ஏற்றத் தொடங்கினாள், எப்போது புறப்பட்டாள், அன்று எந்த ஆஸ்பத்திரியின் இயந்திரம் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று என்று அதில் எழுதி வருகிறாள். மூன்று மாதக் கணக்குச் சேர்ந்ததும் நினைவூட்டுக் கடிதம் அதனோடு போகும்.

மனுவின் நகலும், தனி மீட்டருக்கான விண்ணப்பத்தின் மாதிரியும் சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. மற்ற மூன்று குடும்பத்தாரும், இதேபோன்ற கடிதம் கைக்கு வந்திருக்கும் ஏனையோரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் வரலாம். வரும்போது கம்பெனிக் கடிதத்தோடு கடைசி மூன்று மாத மின்சார பில்களையும் எடுத்து வரவேண்டும். பில் இல்லாமல் மனு எழுத இயலாது.